லெவல் உயர்ந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வீடியோ கேம் வகைகளைப் பற்றி வெளியான கட்டுரை, புள்ளிகள் சேர்த்து லெவல் உயரும் ஆட்டங்கள் அனைத்தையும் ‘ரோல் பிளேயிங் கேம்’ (ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் ஆட்டம்) என்ற வகையில் சேர்த்திருந்தது. இந்த அளவுகோல் தவறானது என்பது என் கருத்து. 2007-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி 4’-இல், பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் புள்ளிகள் சேரும், லெவல் உயரும், புதிய துப்பாக்கிகளும் கிடைக்கும். ஆனாலும் அதைத் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ரோல் பிளேயிங் வகையின் வேர், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில் இருக்கிறது. அதில் வீசிய வாள் எதிரியின் மேல் பட்டதா இல்லையா என்பதை, ஆடுபவரின் கைத்திறன் அல்ல, அவர் ஏற்ற பாத்திரத்துக்குரிய எண்களும் உருட்டிய பகடையும் சேர்ந்தே முடிவு செய்யும். 1981-இல் வந்த ‘அல்டிமா’, ‘விசார்ட்ரி’ போன்ற ஆட்டங்கள் இந்தக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தன. ஆகவே, ஓர் ஆட்டம் இந்த வகையில் சேர, பாத்திரத்தால் எது முடியும், எது முடியாது என்பது ஆடுபவரின் விரல் வேகத்திலிருந்து பிரிந்து நின்று, நடப்பதைத் தீர்மானிக்க வேண்டும்; லெவல் என்பது அந்தத் திறன் வளர்வதைக் காட்டும் கணக்கு மட்டுமே.

1997-இல் வெளியான ‘ஃபால்அவுட்’ இதற்கு நல்ல சான்று. ஆட்டம் தொடங்கும்போதே ஏழு பண்புகளுக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். அறிவுக்கு மிகக் குறைவாகக் கொடுத்தால், ஆடுபவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய பாத்திரம் பெரும்பாலும் உளறவே செய்யும். அதனுடன் பேசிப் பயனில்லை என்று ஊரார் ஒதுங்குவதால் சில வேலைகள் கைக்கு வருவதே இல்லை. மாறாக, பேச்சுத் திறனை வளர்த்து, தக்க ஆதாரத்தையும் திரட்டிச் சென்றால், இறுதி எதிரியிடம் அவன் திட்டம் பலிக்காது என்று எடுத்துச்சொல்லி, ஒரு குண்டுகூடச் சுடாமல் அவனை வீழ்த்தலாம். 2019-இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ இன்னும் ஒரு படி மேலே போய், தனியான சண்டை முறையே இல்லாமல், துப்பறிவாளனின் 24 திறன்களையும் பகடையையும் நம்பியே முழுக் கதையையும் நடத்துகிறது. (அந்தத் திறன்கள் அவன் தலைக்குள்ளிருந்து அவனோடு வாதாடுவது தனி வேடிக்கை.)

கதையின் போக்கை மாற்றும் உரிமை ஆடுபவருக்கு இருந்தால்தான் இந்த வகை என்று வாதிடுவோரும் உண்டு. அதை ஏற்றால், கதை பெரிதும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட ‘டிராகன் குவெஸ்ட்’, ‘ஃபைனல் ஃபேன்டஸி’ போன்ற ஜப்பானிய ஆட்டங்களை வெளியேற்ற வேண்டியிருக்கும், அது பொருந்தாது. வாளும் நிலவறையும் இருந்தும் வெற்றி பெரும்பாலும் கைவேகத்தைப் பொறுத்தே அமையும் 1986-ஆம் ஆண்டின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வை நான் சேர்க்க மாட்டேன்.

எனக்கே தயக்கம் தருவது ‘டயாப்லோ’ என்னும் ஆட்டம்தான். அதில் அடி விழுமா என்பதைப் பாத்திரத்தின் எண்கள் தீர்மானிக்கின்றன. ஆனால் உயிர் பிழைப்பதில் மவுஸைப் பிடித்த கைக்கும் பாதிப் பங்கு உண்டு. கட்டுரையாளரோ எந்த விளக்கமும் இன்றி அதைத் தம் ரோல் பிளேயிங் பட்டியலின் முதலிடத்தில் வைத்திருக்கிறார். அதற்கான காரணத்தை அவர் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்