ஜிம் பேசினார், ஹக் கேட்டான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க நாவல்களில் நிறபேதம், வறுமை, மனமாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். இந்த நாவல்களைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டுரையின் மையக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல மனசுள்ள ஒருவர் துணிந்து எழுந்து பேசினால் மற்றவர்கள் திருந்துவார்கள், இந்த நாவல்கள் சொல்வது அதைத்தான் என்கிறார் கட்டுரையாளர். அதற்குச் சான்றாக ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச் ஆற்றும் நீதிமன்ற உரையைக் காட்டுகிறார். அந்த உரை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கப்புறம் நாவலில் என்ன நடக்கிறது?

1960-இல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் இந்த நாவல், 1930களின் அலபாமாவில் நடப்பது. டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் மீது, மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய் வழக்கு. அவருக்காக வாதாடுபவர்தான் அட்டிகஸ். அவள் முகத்தில் வலப்பக்கம் காயம். அடித்தவன் இடக்கைக்காரனாக இருந்தால்தான் அது பொருந்தும். டாமின் இடக்கையோ சிறுவயதிலேயே பருத்தி ஜின்னிங் மெஷினில் மாட்டிச் சூம்பிப்போனது. மயெல்லாவின் அப்பா எல்லார் கண்ணெதிரிலும் இடக்கையால் தன் பெயரை எழுதிக் காட்டுகிறார். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஆனாலும் ஜூரிகள் ‘குற்றவாளி’ என்கிறார்கள்.

வழக்கு கைநழுவும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கு எதற்காகக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் டாமைக் கேட்கிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வீட்டில் வேறு யாரும் அவளுக்கு ஒத்தாசை செய்யவில்லை என்று டாம் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். ‘உனக்கு அவள்மேல் இரக்கமா?’ என்று வக்கீல் திருப்பிக் கேட்கிறார். மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒருவருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு கறுப்பர் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதாவது! அன்று முழுவதும் அந்த மன்றத்தில் சொல்லப்பட்டவற்றில் இதுதான் மனதிலிருந்து வந்த உண்மை. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. பிறகு சிறையிலிருந்து தப்பப் பார்த்தார் என்று டாமைச் சுடுகிறார்கள். உடம்பில் 17 குண்டுகள். ஊர் அதைப் பேசியது இரண்டு நாள்தான்.

அதே நாவலில் கேட்ஸ் என்ற ஆசிரியை வருகிறார். கட்டுரையாளர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவதைப் பற்றி வகுப்பில் பேச்சு வருகிறது. நம் நாட்டில் யாரையும் அப்படி நடத்த மாட்டோம், இது ஜனநாயக நாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார் அந்த அம்மா. ஆனால் டாமின் வழக்கு முடிந்து கோர்ட்டுப் படியில் இறங்கும்போது, இந்தக் கறுப்பர்களுக்கு யாராவது பாடம் கற்பிக்க வேண்டிய நேரம்தான், ரொம்பத்தான் தலைக்கு மேல் போகிறார்கள் என்று அவர் சொன்னது அட்டிகஸின் சின்ன மகள் ஸ்கவுட்டின் காதில் விழுந்திருக்கிறது. ஹிட்லரை வெறுக்கிறவர் நம் ஊர்க்காரர்களிடம் எப்படி இப்படி நடந்துகொள்ளலாம் என்று அவள் அண்ணனிடம் கேட்கிறாள். என் வகுப்பில் நீதிமன்ற உரையைவிட இந்த இடத்துக்கே அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

அப்படியானால் இந்த நாவல்களில் மனம் மாறுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவன் ஹக்கிள்பெர்ரி ஃபின். மார்க் ட்வைனின் அந்த நாவல் அமெரிக்காவில் 1885-இல் வந்தது, கதை நடப்பதோ அடிமை முறை ஒழிவதற்கு முன்னால். வீட்டைவிட்டு ஓடிவந்த வெள்ளைக்காரச் சிறுவன் ஹக்கும், தன்னை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்து தப்பிவந்த கறுப்பின அடிமை ஜிம்மும் மிஸிஸிப்பி ஆற்றில் ஒரே தெப்பத்தில் போகிறார்கள். ஓர் இரவு மூடுபனி. ஹக் சிறு படகிலும் ஜிம் தெப்பத்திலுமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஜிம் கத்திக் கத்திப் பார்த்து, ஆற்றின் இழுப்போடு மல்லுக்கட்டி, துடுப்பு ஒடிந்து, ஓய்ந்துபோய்த் தூங்கிவிடுகிறார். திரும்பி வந்த ஹக், தான் எங்கேயும் போகவே இல்லை, எல்லாம் நீ கண்ட கனவு என்று அவரை நம்பவைக்கிறான். அவரும் நம்பி, அந்தக் கனவுக்குப் பலன்கூடச் சொல்கிறார். அப்புறம் அந்த இரவில் தெப்பத்தில் வந்து சேர்ந்து கிடக்கும் சருகையும் குப்பையையும் காட்டி, இதெல்லாம் என்ன என்று ஹக் கேட்கிறான்.

ஜிம் சிரிக்கவில்லை. உன்னைக் காணோமே என்று நெஞ்சு உடைந்து தூங்கிப்போனேன், என்னைப் பற்றியோ தெப்பத்தைப் பற்றியோ எனக்குக் கவலையே இல்லை, விழித்துப் பார்த்தபோது நீ நல்லபடியாக வந்திருந்தாய், உன் காலில் முத்தமிட்டிருப்பேன், உனக்கோ இந்தக் கிழவனை எப்படி முட்டாளாக்கலாம் என்கிற நினைப்பு. அதோ கிடப்பது குப்பை, சிநேகிதன் தலையில் மண்ணைப் போட்டு அவமானப்படுத்துகிறவனும் குப்பைதான் என்கிறார். சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விடுகிறார். ஓர் அடிமை வெள்ளைக்காரப் பையனிடம் இப்படிப் பேசுகிறார்! அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க மனதைத் தேற்றிக்கொள்ள ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. ஆனால் கேட்கிறான். கேட்டதற்காகப் பின்னால் ஒருபோதும் வருத்தப்படவில்லை என்றும் சொல்கிறான்.

அவன் மாறத் தொடங்குவது இங்கேதான். பிற்பாடு ஜிம்மைக் காட்டிக்கொடுத்து அவருடைய எஜமானிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த தர்மப்படி அதுதான் புண்ணியம். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் இருக்கிறது. ஆனால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்தை நினைக்கிறான். தன்னை எழுப்பாமல் தன்னுடைய காவலையும் சேர்த்து ஜிம் பார்த்தது, பனியிலிருந்து திரும்பியபோது ஜிம்முக்கு வந்த சந்தோஷம், எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். தான் செய்வது நல்ல காரியம் என்று அந்த நிமிடத்தில்கூட அவனுக்குத் தெரியாது. எந்தப் பிரசங்கமும் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. கூட இருந்தவர் முகத்துக்கு நேரே சொன்னதை அவன் காது கொடுத்துக் கேட்டான், அவ்வளவுதான்.

அந்த மாற்றமும் முழுதாக நிலைக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் சிநேகிதன் டாம் சாயர் வந்து, பிடிபட்டுக் குடிசையில் அடைபட்டிருக்கும் ஜிம்மை வைத்து விளையாடுகிறான். எலியையும் பாம்பையும் உள்ளே விடுகிறார்கள். ஹக்கும் கூடச் சேர்ந்துகொள்கிறான். ஜிம்மின் எஜமானி சாகும்போதே உயிலில் அவருக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டாள். அது டாம் சாயருக்கு முதலிலிருந்தே தெரியும்! படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும் பகுதி இது.

நல்ல மனசு மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ (1940) கடுமையான சாட்சி. சிகாகோவில் எலி ஓடும் ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருக்கும் பிக்கர் தாமஸுக்கு டால்டன் என்ற கோடீஸ்வரர் டிரைவர் வேலை கொடுக்கிறார். கறுப்பினப் பையன்களின் கிளப்புக்குப் பிங்பாங் மேஜைகளும் வாங்கித் தந்தவர். அந்த எலி அறைக்குக் கொள்ளை வாடகை வாங்கும் கம்பெனியும் அவருடையதுதான். அந்த வீட்டில் பிக்கரால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை இயல்பாகப் பேச முடிவதில்லை. இந்த நாவலைக் கட்டுரை ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

ஒரு வேண்டுகோள். பெர்சிவல் எவரெட் 2024-இல் வெளியிட்ட ‘ஜேம்ஸ்’ என்ற நாவலில் ஹக்கோடு போன அந்தப் பயணத்தை ஜிம்மே சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர். வெள்ளைக்காரர்கள் முன்னால் மட்டும் அவர்கள் எதிர்பார்க்கும் கொச்சையில் பேசி உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறார். 2025-இல் புலிட்சர் பரிசும் பெற்றது. அட்டிகஸுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது அடுத்த இதழ் ஒன்றில் இந்த நாவலுக்கும் ரிச்சர்ட் ரைட்டுக்கும் ஒதுக்குங்கள். எங்கள் மாணவர்களுக்கு அதை நகலெடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை