மான்சோனியும் மூன்று சுவர்களும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் போனதற்கு உடல்நலக் குறைவு காரணமல்ல. இத்தாலியத் தொலைக்காட்சிதான் காரணம். வீட்டில் எல்லோரும் நலம். மாடசாமி அண்ணன் வழக்கம்போல் வீடு மாற்றியிருக்கிறார், வழக்கம்போல் அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறார்.

இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராய் நிறுவனம் முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது 1954 ஜனவரி 3 அன்று. அந்த ஆண்டே நாவல்களைத் தொடராக நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். முதலில் எடுத்துக்கொண்டது ரூஃபினியின் ‘டாக்டர் அந்தோனியோ’. நாடுகடந்து வாழ்ந்த அந்த இத்தாலியர் 1855இல் அதை வெளியிட்டது ஆங்கிலத்தில் என்பதை அறிந்தபோது, ‘நம் மண்ணின் முதல்’ என்று மேடைதோறும் முழங்கும் ஒருவரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைப் பிடித்து வைத்திருப்பது 1967 புத்தாண்டு நாளில் தொடங்கி எட்டுப் பகுதிகளாக வந்த தொடர், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர் மான்சோனியின் ‘நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்’. இயக்குநர் சாந்த்ரோ போல்கி, நாவலாசிரியர் பாக்கெல்லியோடு சேர்ந்து திரைக்கதை எழுதி, கதைசொல்லியின் குரலையும் விடாமல் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படம், பெரும்பாலும் ஸ்டுடியோ அரங்கு. சுவர் அட்டை என்பது தெரியத்தான் செய்கிறது. ஆனால் ஏரிக்கரைப் பாதையில் ஜெபப் புத்தகத்தோடு வரும் தோன் அப்போந்தியோ பாதிரியாரை இரண்டு அடியாட்கள் மறித்து, ரென்சோ, லூச்சியா என்ற காதலர்களின் திருமணத்தை நடத்தி வைக்கக்கூடாது என்று சொல்லும்போது, அவர் முகத்தில் மரியாதையும் நடுக்கமும் தப்பிக்கும் கணக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்க்கையில், சுவரை யார் கவனிக்கப் போகிறார்கள்? அந்தக் கோழைப் பாதிரியாராக நடித்த தீனோ கர்ராரோதான், மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போல்கி எடுத்த ‘ஏழை படும் பாடு’ (விக்தோர் ஹ்யூகோவின் நாவல்) தொடரில் இரக்கமற்ற போலீஸ் அதிகாரி ஷாவேர்! நாடக மேடையில் பழகிய நடிகர்களை நம்பியே அக்காலத் தொடர்கள் நின்றன. காட்சிக்குப் பணமில்லாத இடத்தில் வசனத்துக்கு நேரம் கொடுத்தார்கள்.

‘ஆமை வேகம்’ என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. ஒருவர் பேசி முடிக்கும்வரை கேமரா காத்திருப்பது உனக்குப் பொறுக்காது. கல்லூரியிலேயே நீ எந்த நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காமல் இருந்தாய்?

கேலி இருக்கட்டும். இத்தாலியப் பள்ளிகளில் அந்த நாவல் கட்டாயப் பாடம். ஆனால் பள்ளிக்கே போகாதவர்களும் அந்நாட்டில் ஏராளமாக இருந்தார்கள். 1960இல் அல்பெர்த்தோ மன்சி என்ற ஆசிரியர் இதே தொலைக்காட்சியில் கரும்பலகையில் எழுதி, வரைந்து, வயதுவந்தோருக்கு எழுத்தறிவித்தார். தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்ட அதே பெட்டியில் மான்சோனியையும் கேட்க நேர்ந்த ஒரு விவசாயியின் மனதை எண்ணிப் பார்க்கிறேன். அவருக்கு அது மந்தமாகத் தோன்றியிருக்காது. ஒருவர் தமக்காக நிதானமாகப் புத்தகம் வாசிக்கிறார் என்றே தோன்றியிருக்கும். இந்த நிதானத்தை இன்று நாம் வறுமை என்று எண்ணுவதுதான் எனக்கு வருத்தம்.

மான்சோனிக்கு மறு ஆண்டு, 1968இல், பணம் வந்தது. ஃபிராங்கோ ரோஸி ‘ஒடிஸி’யை வெளிப்புறத்தில் வண்ணத்தில் படமாக்கினார், இத்தாலியர்கள் அதைக் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள், ஏனெனில் அங்கே முறையான வண்ண ஒளிபரப்பு 1977இல்தான் தொடங்கியது. ஒற்றைக்கண் அரக்கன் பொலிஃபெமோஸின் குகைப் பகுதியைத் திகில் பட இயக்குநர் மாரியோ பாவா எடுத்திருக்கிறார், அசல் திகில். ஆயினும் என் மனம் போல்கி பக்கமே சாய்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் எண்பது வயதுக் கவிஞர் உங்கரெத்தி கரகரத்த குரலில் ஹோமரை வாசிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு, பின்னால் வரும் கப்பல்கள் அத்தனையும் ஈடாகவில்லை.

நீ பார்க்கத் தொடங்கினால் முதல் பகுதியிலிருந்து தொடங்காதே, தூங்கிவிடுவாய். லூச்சியாவைக் கடத்தி வைத்த பெயரற்ற பிரபு இரவெல்லாம் உறங்காமல் தவிக்கும் இடத்தைத் தேடிப் பார். சால்வோ ரந்தோனே நடித்திருக்கிறார். மொழி புரியவில்லை என்ற சாக்கை மாடசாமி அண்ணனிடம் சொல், என்னிடம் வேண்டாம்.

அன்புடன்,
கண்ணன்