ஒரு வீட்டுக்கு ஒரே ஓட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணத்தையும் கட்சிச் சார்பையும் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிலிருந்த அமெரிக்கக் கணக்கில் குறையில்லை. பியூ ஆய்வு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட விவரப்படி, அங்கே திருமணமான ஆண் வாக்காளர்களில் 59 சதவீதம் பேர் பழமைவாதக் கட்சியான குடியரசுக் கட்சிப் பக்கம் இருக்கிறார்கள். திருமணமே செய்துகொள்ளாத பெண்களில் 72 சதவீதம் பேர் ஜனநாயகக் கட்சிப் பக்கம். இதை வைத்துக் கட்டுரையாளர், கல்யாணம் ஆனாலே மனிதர் பழமைவாதி ஆகிவிடுகிறார் என்று ஒரே தாவாகத் தாவிவிட்டார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

அதே கணக்கில் திருமணமான பெண்களைப் பாருங்கள். 50 சதவீதம் குடியரசுக் கட்சி, 45 சதவீதம் ஜனநாயகக் கட்சி. கட்சியை முடிவு செய்வது கல்யாணம்தான் என்றால், மணமான ஆண்களுக்கும் மணமான பெண்களுக்கும் நடுவே இந்த ஒன்பது புள்ளி வித்தியாசம் எப்படி வந்தது? அப்புறம், மணமானவர்கள் சராசரியாக வயதில் மூத்தவர்கள். சொந்த வீடு இருப்பதும், வாரம் தவறாமல் தேவாலயத்துக்குப் போவதும் அவர்களிடம்தான் அதிகம். இவை ஒவ்வொன்றுமே அந்த நாட்டில் குடியரசுக் கட்சி ஓட்டோடு சேர்ந்து வருபவை. இதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் பழியையோ புகழையோ கல்யாணத்தின் தலையில் போடக் கூடாது.

கல்யாணத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. லேனா எட்லண்ட், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் 2002-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பெண்கள் ஆண்களைவிட இடதுபக்கம் சாய்ந்ததற்குத் திருமணங்கள் குறைந்ததும் ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். சேர்ந்து வாழும்போது ஆணின் வருமானத்தில் ஒரு பகுதி பெண்ணுக்கும் வந்து சேர்கிறது. பிரிந்தால் அது நின்றுபோகிறது, குழந்தைகள் பெரும்பாலும் அவளிடமே இருக்கிறார்கள். அப்போது அரசு தரும் உதவி அவளுக்கு வேறு மாதிரி தெரியத்தானே செய்யும்? நம்பத்தகுந்த விளக்கம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இதில் வேலை செய்வது மோதிரமோ மணமேடையோ அல்ல. வீட்டு வரவு செலவும், நாளை என்ன ஆகுமோ என்ற கணக்கும்தான்.

சென்ற இதழ்க் கட்டுரையில் என்னை உறுத்திய இன்னொன்று, வீட்டுக்கே ஒரே ஓட்டு என்பதுபோல "குடும்ப ஓட்டு" என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியது. இது பழைய நோய். 1910-களில் அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று பிரசாரம் செய்த சங்கம் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தது. ஓட்டுப் போடத் தகுதியுள்ள பெண்களில் 80 சதவீதம் பேர் மணமானவர்கள், அவர்களால் கணவரின் ஓட்டை இரட்டிப்பாக்கவோ ரத்து செய்யவோதான் முடியும் என்றது அது. மனைவி தானாக ஒரு முடிவுக்கு வந்து போடும் ஓட்டு என்று ஒன்று இருக்கலாம் என்பது அதை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சட்டங்களும் அப்படித்தான் இருந்தன. அமெரிக்காவில் 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். 1922-இல் அது தளர்ந்தது. ஆனால் ஆசியர்களைப் போல, குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று சட்டம் ஒதுக்கிவைத்தவர்களை மணந்தவர்களுக்கு 1931 வரை விடிவில்லை. பிரிட்டனில் 1918-இல் முப்பது வயதான பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: சொத்துத் தகுதி அவளுக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் கணவருக்கு இருக்க வேண்டும். தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகைக்கு விட்ட அறையில் தங்கி வேலைக்குப் போன நாற்பது வயதுத் தனிப்பெண்ணுக்கு ஓட்டில்லை. அவளைவிடப் பத்து வயது இளைய இல்லத்தரசிக்கு உண்டு. ஆண்களுக்குச் சமமான ஓட்டு 1928-இல்தான் கிடைத்தது.

நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார் போல. 1951-52 தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்துகொண்ட பெண்கள் ஏராளம். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான், அத்தனை பேருக்கும் அந்த முறை ஓட்டு போயிற்று. இருந்தாலும் அவர் செய்தது சரி என்பேன். வாக்காளருக்குச் சொந்தப் பெயர் வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்திருந்தால், "குடும்ப ஓட்டு" பட்டியலிலேயே குடியேறியிருக்கும்.

சரி, கணவனும் மனைவியும் ஒரே கட்சிக்குப் போடுவதில்லையா? போடுகிறார்கள், நிறையவே. 1940-இல் ஓஹியோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில், ஓட்டுப் போடுவதென்று முடிவு செய்திருந்த தம்பதிகளில் 22-க்கு ஒரு ஜோடிதான் மாறுபட்டிருந்தது. ஆனால் பேசிப் பேசி ஒன்றானார்களா, ஒத்த கருத்துள்ளவர்களாகப் பார்த்து மணந்தார்களா, மனைவி சும்மா தலையாட்டினாரா என்பதை இப்படி ஒரு எண் சொல்லிவிடாது. இன்றைய நிலையும் வேறு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளர் பதிவேட்டிலேயே அவரவர் கட்சியும் பதிவாகிறது. அந்தப் பதிவேடுகளை வைத்து எய்டன் ஹெர்ஷும் யாயிர் கிட்ஸாவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துத் தம்பதிகளில் மூன்று தம்பதிகளுக்குக் கட்சிப் பதிவு ஒன்றாக இல்லை. அவற்றிலும் மூன்றில் ஒரு பங்குதான் நேருக்கு நேர் எதிர்க்கட்சிகள். மற்றவற்றில் ஒருவராவது எந்தக் கட்சியும் சாராதவர். கட்சி வேறுபட்ட வீடுகளில் ஓட்டுப் போடப் போகிறவர்களும் குறைவு என்று அதில் தெரியவந்தது. சண்டை வேண்டாம் என்று இருவருமே அரசியலை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்களோ என்னவோ, அது என் ஊகம்.

இன்னொரு மாற்றத்தையும் கட்டுரை தொடவில்லை. பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960-இல் அமெரிக்கர்களைக் கேட்டபோது, இரு கட்சியிலும் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் ஆமாம் என்றார்கள். 2010-இல் அது குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதியாகவும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்காகவும் ஏறியிருந்தது. கட்சி தாண்டிய கல்யாணங்கள் நடக்காமலும் இல்லை: 1992 அதிபர் தேர்தலில் கிளிண்டனுக்காக வேலை செய்த ஜேம்ஸ் கார்வில், எதிரணியில் புஷ்ஷுக்காக வேலை செய்த மேரி மாட்டலினை மறு ஆண்டே மணந்துகொண்டார். இப்போது சம்பந்தம் பேசும்போதே கட்சியும் விசாரிக்கப்படுகிறது என்றால், மணமானவர்கள் ஒரே பக்கம் நிற்பதில் பாதி வேலை கல்யாணத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்றுதானே ஆகிறது?

அடுத்த முறை இப்படி ஓர் அட்டவணை வெளியிடும்போது, "திருமண பந்தத்தில் இல்லாதவர்" என்ற ஒரே கட்டத்தில் எல்லாரையும் அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுபது வயதில் கணவரை இழந்தவரும், முப்பத்தைந்தில் விவாகரத்து வாங்கியவரும், இருபத்திரண்டில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவரும் அதில் ஒன்றாகக் கிடக்கிறார்கள். வயதுக்கு ஒரு பத்தியும் சேருங்கள். இடம் போதவில்லை என்றால் கட்டுரையோடு போட்ட அந்த மோதிரப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி