செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைச் சுற்றுலா, நவராத்திரி மூன்றும் வழமைபோல் நடந்தன.

அடுத்தது செல்லோ இசை மாலை (செல்லோ என்பது வயலின் குடும்பத்துப் பெரிய நரம்பிசைக் கருவி). தமிழ்ச் சங்கத்துக்கு இது எதற்கு என்று பலர் கேட்டீர்கள். இசையமைப்பாளர் ரெபேக்கா கிளார்க் 1886இல் பிறந்தது நாம் குடியிருக்கும் இதே லண்டன் ஹரோவில்தான். பள்ளியில் செல்லோ பழகும் நம் பிள்ளைகளுக்கு எல்காரைத் தெரிகிறது, இவரைத் தெரியவில்லை. 1919இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் வயோலாவுக்கும் பியானோவுக்குமாக இவர் எழுதிய சொனாட்டா என்ற பல பகுதிப் படைப்பும் எர்னஸ்ட் ப்ளோக்கின் படைப்பும் சமமாக நின்றன. போட்டியை நடத்திய கூலிட்ஜ் அம்மையாரின் வாக்கு ப்ளோக்குக்குப் போனது. ஒரு பெண்ணால் இப்படி எழுத முடியுமா, இது யாரோ ஆணின் புனைபெயராக இருக்கும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. அந்தச் சொனாட்டாவைச் செல்லோவிலும் வாசிக்கலாம். 1923இல் செல்லோவுக்கென்றே ராப்சடி (கட்டற்ற வடிவப் படைப்பு) ஒன்றும் எழுதினார். மே மக்கிள், மைரா ஹெஸ் போன்ற பெரிய கலைஞர்கள் அரங்கேற்றியும் அது பல காலம் அச்சேறாமலே கிடந்தது.

இரண்டுக்கும் பியானோ வேண்டும். மண்டபத்துப் பியானோ சுருதி கலைந்து கிடந்தது. சரிசெய்யச் சங்கத்தில் பணம் இல்லை. அதனால் இமோஜன் ஹோல்ஸ்ட் 1963இல் தனிச் செல்லோவுக்கு எழுதிய 'த ஃபால் ஆஃப் த லீஃப்' மட்டுமே நடந்தது; நம் பிள்ளை ஒருவர் வாசித்தார். செல்லோவின் ஊசிக்கால் பளபளத் தரையில் வழுக்கியதால் வாசல் மிதியடியை எடுத்துப் போட்டோம். மார்ட்டின் பியர்சனின் பழைய மெட்டில் தொடங்கி, அதையே பல விதமாய் விரித்த அந்தப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். கேட்டவர்கள்தான் மிகக் குறைவு. வருவதாகச் சொன்ன நிர்வாகக் குழுவினர் சிலரும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தருவார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சந்தா நிலுவைதான் பெரிது. நினைவூட்டியும் பதில் வராத வீடுகள் பல உண்டு.

மண்டபம் ஒழுங்குசெய்தவர்களுக்கும் சிற்றுண்டி தந்த குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கிளார்க்கின் சொனாட்டாவையும் எதெல் ஸ்மைத் 1887இல் எழுதிய ஏ மைனர் செல்லோ சொனாட்டாவையும் வைக்க ஆசை. வாசிக்கப் பிள்ளைகள் தயார். நிலுவையில் பாதி வந்தாலே பியானோவுக்கு ஆள் அழைக்கலாம். வராவிட்டால் அடுத்த செயலாளர் யாரென்று சபைதான் யோசிக்க வேண்டும். சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது; கூட்டம் முடியும்வரை பொருளாளரும் அங்கேயே இருப்பார்.

செயலாளர்