இந்த வருஷம் டீம் எப்படி என்று கேட்டாயே

சத்துவாச்சாரி, வேலூர்,
ஆகஸ்ட் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். "இந்த வருஷம் நம்ம டீம் எப்படிப்பா?" என்று போனில் கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். மெதுவாகவே படி. ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு, உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியும், காலை ஐந்தரைக்கு உங்கள் காலேஜ் கூடைப்பந்து கோர்ட்டில் நிற்காவிட்டால் அன்றைக்கு எனக்குக் காபி இறங்குவதில்லை. இப்போதிருக்கிற கோச் தம்பி நல்ல மாதிரி. "சார், உட்காருங்க" என்று நாற்காலி போடுவான். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வான், அப்புறம் அவன் இஷ்டப்படிதான் செய்வான். நானும் அந்த வயதில் அப்படித்தான்.

முதலில் கெட்ட செய்தி. போன வருஷம் கூடைக்குக் கீழே மரம் மாதிரி நின்றார்களே, அந்த இரண்டு உயரமான பெண்களும் படிப்பு முடித்துவிட்டார்கள். ஒருத்திக்குப் போலீஸில் வேலை கிடைத்துவிட்டது. இன்னொருத்தி பி.டி. டீச்சர் ஆவதற்கு பி.பி.எட். சேர்ந்திருக்கிறாள். இப்போது டீமில் பெரிய உயரமே ஐந்தடி ஏழங்குலம்தான். அது அரக்கோணத்துப் பெண். உயரம் இருக்கிறது, ஆனால் ரிபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்புகிற பந்துக்கு, எகிறுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறாள். அந்த ஒரு நொடியில் பந்து வேறு கைக்குப் போய்விடுகிறது.

பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய டீமுக்குக் காலையில் வருவது எட்டுப் பேர். பரீட்சை வந்தால் ஆறு.

நல்ல செய்தி என்னவென்றால் இந்த எட்டும் ஓடுகிற கால்கள். ஆம்பூர்ப் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ போன தடவை வந்திருந்தபோது முதல் வருஷம் படித்தாள். இப்போது அவள்தான் கேப்டன். அவள் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். மகள் காலில் கிடப்பதோ சோல் வழவழத்துப்போன ஷூ. சிமென்ட் தரையில் அதைப் போட்டுக்கொண்டு திரும்பும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. ஆனால் டிஃபென்ஸில் அவளைத் தாண்டிப் போவது லேசில்லை.

இங்கேதான் எனக்கும் கோச்சுக்கும் தகராறு. அவன் இரண்டு-மூன்று ஜோன் போடலாம் என்கிறான், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காப்பது. ஆள் குறைவு, களைப்பாகாமல் பின்னால் நின்று காக்கலாம் என்பது அவன் கணக்கு. நான் சொல்கிறேன்: உயரமில்லாதவன் கூடைக்கடியில் நின்று என்ன காக்கப் போகிறான்? மேலே தூக்கிப் போட்டால் முடிந்தது. நாம் ஒரு கூடை போட்டதுமே அங்கேயே பிடிக்க வேண்டும், முழுக் கோர்ட் பிரெஸ். எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற அவசரத்தில் எதிர் டீம் பந்தை எங்கேயாவது எறியும். நம்ம சின்னப் பெண்களுக்கு அதுதான் சாப்பாடு. அவன் திருப்பிக் கேட்டதும் நியாயம்தான்: "பிரெஸ் போட்டா ஃபவுல் ஏறும் சார். குவார்ட்டர்ல அஞ்சாவது ஃபவுல்ல இருந்து அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. நமக்கு மாத்த ஆள் ஏது?" பதில் சொல்லாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு குவார்ட்டர் ஜோன், அப்புறம் பிரெஸ் என்று கடைசியில் பேசி முடித்திருக்கிறோம். எனக்கு அரை மனசுதான்.

இன்னொரு விஷயம், வளையம். கிழக்குப் பக்கத்து வளையத்தில் பையன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. டேப் வைத்து அளந்தேன். 3.05 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் முன் விளிம்பு 3.02தான். மூன்று சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்காதே. வாய் நம்ம பக்கமாகச் சாய்ந்திருப்பதால் தட்டையாகப் போட்டாலும் விழுந்துவிடுகிறது. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். இதிலேயே பழகிவிட்டு நேரான வளையம் இருக்கிற ஊருக்குப் போனால் பந்து முன் விளிம்பில் மோதி மோதித் திரும்பும். போன வருஷம் செமிஃபைனலில் நடந்தது அதுதான், கை நடுக்கம் இல்லை. இது வரை யாரும் நம்பவில்லை. வெல்டிங் கடைக்காரரிடம் நானே பேசியிருக்கிறேன்.

மழையும் ஆரம்பித்துவிட்டது. பகலெல்லாம் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டுகிறது. காலையில் கோர்ட் முழுக்கத் தண்ணீர். எட்டுப் பெண்களும் முதலில் தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பிறகு கோணிப்பையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு இழுக்கிறார்கள். இதைவிட நல்ல வார்ம்-அப் நான் என் சர்வீஸில் கொடுத்ததில்லை.

நீ அங்கே அமெரிக்காவில், மிச்சிகன் ஹாலண்டில், ஹோப் காலேஜ் பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாய். அவர்களுக்கு நவம்பரில்தானே சீசன்? நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அங்கே காலேஜ் விளையாட்டில் மூன்றாவது பிரிவான டிவிஷன் மூன்று, விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் ஒரு பைசா கிடையாது, நம்ம பெண்களைப் போலவே. அப்படியும் 1990, 2006, 2022 என்று மூன்று முறை தேசிய சாம்பியன். 2020-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தபோது கொரோனா வந்து போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பெண்களை நினைத்து ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அம்மா சிரித்தாள். நீ போட்டோ அனுப்பினாயே, அந்தக் காலேஜிலிருக்கும் ஊரிஸ் ஹால், அதுவும் எலிசபெத் ஊரிஸ் அம்மையார் பேரில்தான். ராதாகிருஷ்ணன் படித்த நம்ம ஊரிஸ் காலேஜுக்கும் அதே அம்மா பேர். நீ எங்கே போனாலும் வேலூர் விடாது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

குடியாத்தத்திலிருந்து முதல் வருஷப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். பள்ளியில் கோ-கோ ஆடியவள், கூடைப்பந்தைத் தொட்டு இரண்டே மாதம். இடது கைக்காரி. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடும்போது பந்தைப் பார்ப்பதே இல்லை, எதிரில் நிற்பவளின் இடுப்பைப் பார்க்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கோ-கோவில் துரத்தித் துரத்தி வந்த பழக்கம். கோச் உன்னுடைய 11ஆம் நம்பர் ஜெர்சியை அவளுக்குக் கொடுத்திருக்கிறான், என்னைக் கேட்காமலே. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவள் இருந்தால் நாம் ஃபைனல். இல்லாவிட்டால் செமிஃபைனலோடு பெட்டியைக் கட்டலாம். நான் பார்த்தவரை கணக்கு அவ்வளவுதான்.

மண்டலப் போட்டி ஆயுத பூஜை முடிந்து, மூன்று நாள், வெளியூர். அங்கே ஆடுவதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக டீமுக்கு எடுப்பார்கள். அவள் வீட்டில் ராத்திரி தங்க அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். போன ஞாயிறு அம்மா குடியாத்தம் போனாள். கெங்கையம்மன் கோயில் பக்கம் வீடு, திண்ணையை ஒட்டி லுங்கித் தறி. அப்பா அம்மா வாயே திறக்கவில்லையாம். பாட்டிதான் எல்லாம். "ஊரு விட்டு ஊரு போயி, அரை டவுசர் போட்டுக்கினு ஆடணுமா?" என்று கேட்டாளாம். அம்மா உன் கதையைச் சொல்லியிருக்கிறாள். நம்ம பாட்டி உன்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று சொல்ல, அம்மாவே உன்னோடு கோயம்புத்தூருக்கு ரயிலேறி, எதிர் டீம் கூடை போட்டபோதெல்லாம் கைதட்டினாளே, அந்தக் கதை. அந்த வீட்டுப் பாட்டி சிரித்துவிட்டு, "அந்தப் பொண்ணை நான் பாக்கணும்" என்றாளாம். இந்தத் தடவையும் தானே துணைக்குப் போவதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். "நம்ம கூடை எந்தப் பக்கம்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்கிறாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை இங்கே ராத்திரி எட்டு மணி, உனக்குக் காலை பத்தரை. வீடியோவில் வா. நாங்கள் அவர்கள் வீட்டில் இருப்போம். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசு. விளையாடினால் நல்லது என்றெல்லாம் லெக்சர் வேண்டாம். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல். சம்பளம் எவ்வளவு என்று கட்டாயம் கேட்பாள். மழுப்பாமல் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு. ஆம்பூர்ப் பெண்ணுக்கு ஷூ சைஸ் ஆறு. அவளுக்குத் தெரியாமல் கழற்றிப் போட்டிருந்தபோது பார்த்துக்கொண்டேன்.