மின்கேபிளின் தடத்தைக் கடலோடிகளோடு அமர்ந்து வரையுங்கள்

மத்திய மின்துறை அமைச்சகத்துக்கும், பவர்கிரிட் நிறுவனத்துக்கும், தமிழ்நாடு அரசின் எரிசக்தி, மீன்வளத் துறைகளுக்கும் இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் தங்கள் மின்தொகுப்புகளை இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறுநாள் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டதால், எங்கள் ஊர்களில் பேச்செல்லாம் பாலத்தைப் பற்றியே இருந்தது. கேபிளைப் பற்றி விசாரித்தவர்கள் குறைவு. பாலம் கண்ணுக்குத் தெரிகிறது, கேபிளோ கடலடியில் கிடக்கப்போவது. ஆயினும் எங்கள் கடலில் தொழில் செய்பவர்களின் அன்றாடத்தில், இன்னும் ஒரு தலைமுறைக் காலம், பாலத்தைவிட அதிகமாகக் குறுக்கிடக்கூடியது இந்தக் கேபிள்தான் என்று கருதுவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன், மண்டபத்தில் வசிக்கிறேன். இந்தத் திட்டம் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது என்பதை, அக்கரையில் உறவுகள் உள்ள எங்கள் ஊர்கள் மறந்துவிடவில்லை. எங்கள் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் தென்மாவட்டக் காற்றாலைகள் முழுவீச்சில் சுழல்கின்றன. உபரியாக உள்ள நேரத்தில் கொடுக்கவும் குறைவாக உள்ள நேரத்தில் வாங்கவும் ஒரு வழி இருப்பது இரு நாடுகளுக்கும் நல்லது. மேற்கு வங்கத்தின் பஹரம்பூரையும் வங்கதேசத்தின் பேராமாராவையும் இணைத்து 2013-இல் 500 மெகாவாட்டில் தொடங்கிய இணைப்பு, பின்னர் 1000 மெகாவாட்டாக வளர்ந்தது. அண்டை நாட்டோடு மின்சாரம் பகிர்வது நமக்குப் புதிதல்ல.

நமக்குப் புதிது, இந்த இணைப்பு கடந்து செல்ல வேண்டிய கடல்தான். 1970-களில் எழுந்த யோசனை, 2010-இல் சாத்தியக்கூறு ஆய்வுக்கான உடன்பாடாகி, 2023 ஜூலையில் இரு நாடுகளின் தொலைநோக்கு ஆவணத்தில் இடம்பெற்று, இன்று ஒப்பந்தமாகியிருக்கிறது. இத்தனை காலத்தில் மதுரை, அனுராதபுரம், ஹபரணை, மன்னார் என முனைகள் மாறிமாறிப் பேசப்பட்டன. கடற்கரையில் கேபிள் இறங்கும் இடமாக எங்கள் பனைக்குளமும் அக்கரையில் திருக்கேதீஸ்வரமும் ஆய்வுகளில் குறிக்கப்பட்டன. எந்த முனை உறுதியானாலும் நடுவில் இருப்பது பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சேரும் ஆழமற்ற கடல். வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாவில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அந்தக் கடலடியை, ஆண்டின் பெரும்பகுதியில், விசைப்படகுகளின் இழுவை மடி என்னும் வலை வாரத்தில் பல நாள் வாரிக்கொண்டு போகிறது. மடியின் வாயை விரித்து வைக்கும் பலகைகள் சேற்றைக் கிழித்துக்கொண்டு நகர்பவை. அவற்றின் பாதையில்தான் உயர் மின்னழுத்தக் கேபிளைப் படுக்க வைக்கப் போகிறீர்கள்.

இதனால் என்ன நேரும் என்பதை வேறு கடல்கள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்து 1961-இல் போடப்பட்ட முதல் கேபிள் கடலடியின் மேலேயே கிடந்ததால், மீன்பிடி வலைகளாலும் நங்கூரங்களாலும் திரும்பத் திரும்பச் சேதமடைந்தது. 1986-இல் 2000 மெகாவாட் திறனோடு அதற்கு மாற்றாக வந்த இணைப்பை மண்ணுக்குள் புதைத்தார்கள். அப்படிப் புதைத்தும், 2016 நவம்பரில் புயலில் இழுபட்ட ஒரு நங்கூரம் எட்டுக் கேபிள்களில் நான்கைச் சேதப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவை நிலப்பரப்போடு இணைக்கும் பாஸ்லிங்க் கேபிள் 2015 டிசம்பரில் பழுதாகி, 2016 ஜூனில்தான் சரியானது. அந்த ஆறு மாதத்தில் டாஸ்மேனியா டீசல் மின்னாக்கிகளை வரவழைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. இலங்கை நம் கேபிளை நம்பித் தன் மின்தேவையைத் திட்டமிட்ட பிறகு இங்கே அப்படி ஒரு பழுது நேர்ந்தால், பழி யார் தலையில் விழும்? கேபிள் கிடந்த இடம் தெரியாமல் மடி இழுத்த ஒரு படகோட்டியின் தலையில்தான் விழும். அவருக்கு வழக்கும் அபராதமும் வரும். வலையும் போகும், பாடு என்று நாங்கள் சொல்லும் மீன்வரவும் போகும்.

ஆகவே நான் முதன்மையாகக் கேட்பது ஒன்றே: கடற்படுகை அளவைக்கான கப்பல் வருவதற்கு முன்பே இந்தக் கரையின் தொழிலாளர்களோடு அமர்ந்து தடத்தை வரையுங்கள். தடம் முடிவான பின் நடத்தும் கருத்துக்கேட்பு வெறும் அறிவிப்பாகவே முடியும். எங்கே சேறு ஆழமாக இருக்கிறது, எங்கே அரையடி மணலுக்குக் கீழே பார் என்னும் கடலடிப் பாறை தட்டுப்படும், எங்கே மடி மாட்டிக் கிழியும் என்று படகுக்காரர்கள் எல்லா இடத்தையும் ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருக்கிறார்கள். சங்கு குளிப்பவர்கள் அந்தத் தரையைக் கையால் தடவி அறிந்தவர்கள். சோனார் கருவி தரையின் வடிவத்தைத் துல்லியமாகக் காட்டும். எந்த மாதத்தில், எந்தக் காற்றில், எந்த வகைப் படகு அங்கே நிற்கும் என்பதை அது காட்டாது. கேபிள் பிழைத்திருப்பதற்கு இந்த இரண்டு அறிவும் வேண்டும். மண்ணின் தன்மைக்கும் அங்கு நடக்கும் தொழிலுக்கும் ஏற்பப் புதைக்கும் ஆழத்தை இடத்துக்கு இடம் நிர்ணயித்து, அந்த ஆழத்தை ஒப்பந்ததாரரின் கடமையாக எழுத வேண்டும். புதைக்க முடியாத பாறைப் பகுதியில் கல்லோ கான்கிரீட் பாயோ போர்த்துவதாக இருந்தால், வலை மாட்டாத சரிவோடு அதை அமைக்க வேண்டும்.

இதோடு பிரிக்க முடியாதது மீன்பிடித் தடை வளையம் பற்றிய அச்சம். கேபிளின் இருபுறமும் ஒரு பட்டையை ஒதுக்கி, அங்கே வலை போடக்கூடாது என்று ஆணையிடுவது அலுவலகத்தில் எளிதான தீர்வாகத் தெரியலாம். 1974-இல் வரையப்பட்ட கடல் எல்லைக்கும் கரைக்கும் இடையே உள்ள குறுகிய நீரில், வாரத்தின் நாள்களைக்கூட விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் பங்கிட்டுக்கொண்டு தொழில் செய்பவர்கள் நாங்கள். எல்லை தாண்டியதாகக் கைதாகி, படகை இழந்து வரும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இந்தக் கடலுக்குள் இன்னொரு கோடு கிழிக்காதீர்கள். போதிய ஆழத்தில் புதைத்த கேபிளின் மேல் நாட்டுப்படகின் செவுள்வலை தொழில் செய்யத் தடை எதற்கு? பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலில், கேபிள் கிடக்கும் இடங்களை மீனவர்கள் தங்கள் கருவியில் ஏற்றிக்கொள்ளும்படி வரைபடக் கோப்புகளாக இலவசமாகத் தருகிறார்கள். அதையே தமிழில், ஒவ்வொரு படகுக்கும் தரலாம்.

அடுத்தது பொறியியல் சார்ந்தது. ஒரு பொறியாளனாக இதில் உறுதியாக நிற்கிறேன். நீண்ட கடலடிக் கேபிளில் மாறுதிசை மின்னோட்டத்தை அனுப்பினால், கேபிளை மின்னேற்றுவதற்கே அதன் கொள்ளளவில் பெரும்பங்கு கரைந்துவிடும் என்பதாலும், இரு தொகுப்புகளும் ஒன்றின் அதிர்வெண்ணை மற்றொன்று பற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதாலும், நேர்திசை மின்னோட்டமே இங்கே சரியான தேர்வு. ஆனால் நேர்திசை இணைப்பில் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: ஒரு கேபிளை மட்டும் போட்டுவிட்டு, திரும்பிவரும் மின்னோட்டத்தைக் கடல்நீர் வழியாகவே விடுவது. அப்போது கடலில் வைக்கும் மின்முனையில் குளோரின் உருவாகும். சுற்றுவட்டாரத்தில் உள்ள இரும்புக் கட்டமைப்புகள் அரிக்கப்படும். பாஸ்லிங்க் திட்டமும் முதலில் அப்படித்தான் வரையப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் உலோகத் திரும்புகம்பி சேர்க்கப்பட்டது. பாம்பனில் இரும்புப் பாலமும், கரையோரத்தில் பவளப்பாறைகளும் உள்ள இந்தக் கடலில், கடல்வழித் திரும்பல் வேண்டவே வேண்டாம் என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் ஒரே குழியில் நெருக்கமாகப் படுக்க வைத்தால் அவற்றின் காந்தப்புலங்கள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆழமில்லாத நீரில் படகின் திசைகாட்டியும் பிறழாது.

கரையை ஒட்டிய கடற்புல் வெளிகள் ஆவுளியா என்னும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது தமிழ்நாடு அரசுதான். தெற்கே 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா இருக்கிறது. நீரைப் பீய்ச்சிக் குழி தோண்டினால் கிளம்பும் சேறு புல்லின் மேல் படியும். மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மூங்கில் மிதவைகளில் பெண்கள் வளர்க்கும் பாசியின் மேலும் படியும். கரையிலிருந்து புல்வெளிக்கு அப்பால் வரை நிலத்தடியில் துளையிட்டுக் கேபிளைக் கொண்டுசெல்லும் முறை இருக்கும்போது, செலவைக் காரணம் காட்டி அதைத் தவிர்க்கக் கூடாது. வேலைக்காலத்தையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் காலியாக இருக்கும் என்று எண்ணி அட்டவணை போட வாய்ப்புண்டு. அப்போது கடலுக்குப் போகாமல் கரையில் கட்டி வைக்கப்பட்டிருப்பவை விசைப்படகுகள் மட்டுமே. நாட்டுப்படகுக்காரர்களுக்குப் போட்டியில்லாமல் மீன் கிடைக்கும் காலம் அதுதான். அந்த நாள்களை எடுத்துக்கொள்வதானால் இழப்பீடு அவர்களுக்குச் சேர வேண்டும்.

நிலத்தில் மின்கோபுரங்கள் வரும் வழியைப் பற்றி ஒரு சொல்: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்களில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. கம்பிகள் அவற்றை விட்டு விலகிச் செல்லட்டும்.

இந்தக் கேபிளின் மறுமுனையில் இருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்களே. எங்கள் விசைப்படகுகள் தங்கள் வலைகளை அறுத்துவிட்டுப் போகின்றன என்ற அவர்களது முறையீட்டில் உண்மை இருக்கிறது. காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் 2025-இல் தெருவில் இறங்கியதையும் பார்த்தோம். கேட்காமல் கொண்டுவரும் மின்திட்டத்தை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அதில் தெரிந்தது. கடற்படுகை அளவைக்கு இரு கரை மீனவர்களையும் ஒரே குழுவில் சேர்த்தால், மீன்பிடிச் சிக்கலில் பல சுற்றுப் பேச்சுகள் செய்யாத ஒன்றை இந்தத் திட்டம் செய்யக்கூடும் என்பது என் நம்பிக்கை.

சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று பார்க்காமல், முதல் கூட்டத்தை இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் அல்லாமல் பாம்பனிலும் பனைக்குளத்திலும் தொண்டியிலும் நடத்துங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலையும் ஞாயிற்றுக்கிழமை காலையையும் தவிர்த்து, படகுகள் கரை திரும்பிய பின் மாலையில் வையுங்கள். விசைப்படகுக்காரர்கள், நாட்டுப்படகுக்காரர்கள், சங்கு குளிப்பவர்கள், பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோருக்குத் தனித்தனி அமர்வு வேண்டும். ஒரே பந்தலில் அமர்த்தினால் பாசிப் பெண்களின் குரல் கடைசிவரை எழாது. உத்தேசத் தடங்களைத் தமிழ் வரைபடமாக, மீன் இறங்குதளங்களில் இரண்டு வாரம் முன்பே ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர்,
மண்டபம்.