அம்மாட காதுக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாத்த டொக்டருக்கும் மற்ற எல்லாருக்கும்

நேற்று அம்மா பிளேன்டீ குடிக்கேக்க வாய்க்கடையால ஒரு சொட்டும் வழியேல்ல. மூண்டு மாசத்துக்குப் பிறகு. அதப் பாத்த கையோட தான் இத எழுதுறன்.

தொடக்கம் வெறும் காதுக்குத்து. ஒரு இடத்தில காட்டினம், கிருமி எண்டு சொட்டு மருந்து தந்தவை. அடுத்த நாள் விடிய எழும்பினா முகத்தின்ட வலப்பக்கம் தொங்கிப் போச்சு, வாய் இடப்பக்கம் இழுபட்டுது, கதையும் குழறுது. நான் பாரிசவாதம் எண்டு நினைச்சு அழுதுகொண்டு நிண்டனான்.

கீழ்வீட்டு அன்ரி, நீங்க தான் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு சிங்களத்தில விலாசம் சொல்லி, றோட்டு வரைக்கும் ஓடிப்போய் நிண்டனீங்கள். அம்புலன்ஸில வந்த தம்பிமாரே, கொழும்பு வெள்ளவத்தையில இருந்து அந்தக் காலமை ட்ராஃபிக்குக்குள்ளால கொண்டுபோய்ச் சேத்தீங்கள், ஒரு சதமும் வாங்கேல்ல. (முகம் இழுத்தா முதல்ல ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்குத் தான், என்ன வருத்தம் எண்டு வீட்டில இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கக் கூடாது.)

பிறகு அந்த டொக்டர் பிள்ளை. அரைகுறைத் தமிழில "அம்மா, நெத்தி சுருக்குங்கோ" எண்டு கேட்டா. வலப்பக்க நெத்தி அசையேல்ல, கண்ணும் மூடேல்ல. பாரிசவாதம் எண்டா பெரும்பாலும் நெத்தி சுருங்குமாம், ஏனெண்டா நெத்திக்கு மூளையின்ட ரெண்டு பக்கத்தால இருந்தும் கட்டளை வருதாம், அம்மாவுக்கு நெத்தியும் போனதால முகத்து நரம்பிலேயே பிழை எண்டு சொல்லிப்போட்டு டோர்ச்ச எடுத்து காதுக்குள்ள பாத்தா, உள்ளுக்க சின்னச் சின்னக் கொப்பளம். "சின்ன வயசில கொப்பளிப்பான் வந்ததா?" எண்டு கேட்டா, சின்னம்மையத் தான். அம்மாவுக்குப் பத்து வயசில யாழ்ப்பாணத்தில வந்தது, வேப்பிலையில படுத்ததெல்லாம் சொன்னவா. அந்த வைரஸ் தான் அம்பது வருசமா நரம்புக்குள்ள படுத்துக் கிடந்து இப்ப எழும்பியிருக்கு. இந்த வருத்தத்துக்கு ராம்சே ஹன்ட் எண்டு பேர், 1907இல ஒரு அமெரிக்க டொக்டர் எழுதி வைச்சது, 2022இல பாட்டுக்காரர் ஜஸ்டின் பீபருக்கும் இது தான் வந்தது. சில ஆக்களுக்கு முகம் இழுத்த பிறகு தான் கொப்பளம் வருமாம், சிலருக்கு வரவே வராதாம். அப்ப ஆர் கொப்பளிப்பான நினைக்கிறது! 72 மணித்தியாலத்துக்குள்ள மருந்து தொடங்கினா நல்லம் எண்டு அண்டைக்கே வைரஸுக்கு அசைக்லோவிரும் வீக்கம் குறைய ஸ்டீரொய்டும் தொடங்கினவா. டொக்டர், நீங்க அந்தக் காதப் பாக்காம விட்டிருந்தா எங்களுக்கு அந்த நேரம் போயிருக்கும்.

ராவில மூடாத கண் காஞ்சு போகாம மருந்து விட்டு டேப் ஒட்டப் பழக்கின நேர்ஸ் அக்கா, நாளுக்கு அஞ்சு தரம் போட வேண்டிய குளிசைக்கு நேரமெல்லாம் தமிழில எழுதித் தந்த பாமசித் தம்பி, உங்களையும் மறக்கேல்ல.

டொக்டர், அந்தப் பதட்டத்தில உங்கட பேரக் கேக்கேல்ல. அடுத்த கிளினிக்குக்கு அம்மா உளுந்து வடை சுட்டுக்கொண்டு தான் வருவன் எண்டு நிக்கிறா, அண்டைக்கு நீங்க டியூட்டியில இருக்கோணும்.